அவனுக்குப் புரியாத பாஷை

பழங்காநத்தம், மதுரை
12 ஜனவரி 2025

கூடலழகப் பெருமாள் திருவடிகளே சரணம்.

சௌபாக்கியவதி இந்துப்ரியாவுக்கு அப்பா மனமார வாழ்த்தி எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். விடியலில் பாசுரம் சேவித்துவிட்டு அமர்ந்தாலும், மனம் உங்கள் வீட்டையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

பேரனுக்கு வயிற்றுவலி என்றாய். பால் நிறுத்தினாய், கோதுமை நிறுத்தினாய்; வலி நிற்கவில்லை. மாப்பிள்ளை ஹரிஷ்குமாரின் கையில் கட்டு இருந்ததை வீடியோவில் பார்த்தேன். பனியில் வழுக்கியதாகச் சொன்னார். சொல்லும்போது உன் முகத்தைப் பார்த்தார். போனில் சொல்ல இயலாததானால் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பு. நானும் அவ்வாறே செய்கிறேன்.

உன் நலம் வேண்டும் அப்பா,
ராதாகிருஷ்ணன்

இங்கிலாந்து
16 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு நமஸ்காரம்.

அவர் வழுக்கி விழவில்லை. டிசம்பரில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றவரை, ஒருவன் நிறத்தைச் சொல்லித் திட்டி, உன் நாட்டுக்கே போ என்று பிடித்துத் தள்ளியிருக்கிறான். முகத்தில் துப்பியும் இருக்கிறான். இது முதல் தடவை இல்லை அப்பா. கையில் அடிபட்டதுதான் முதல் தடவை. போலீஸில் சொல்லுங்கள் என்றால், "தினமும் அதே வழியிலதான போகணும், விடு" என்கிறார்.

அவர் காலையில் ஷூ மாட்டும் நேரத்தில்தான் சாய்பிரசாத் வாந்தி எடுக்கிறான். ஏழு வயதில் மறுபடி படுக்கையை நனைக்கிறான். பரிசோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை. "வெளியே உங்களை யாராவது நிறத்துக்காக நோகடிக்கிறார்களா? அது பிள்ளைகள் உடம்பில் வந்து நிற்பதுண்டு" என்று டாக்டரம்மா கேட்டார். அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? இதைப் பேசும்போதெல்லாம் நம் சௌராஷ்டிர பாஷையில்தான் பேசுகிறோம். அவனை வளர்த்தது தமிழிலும் ஆங்கிலத்திலும்தானே. நீங்களும் போனில் வாய்தவறிக் கேட்டுவிடாதீர்கள்.

உங்கள் மகள்,
இந்து

பழங்காநத்தம்
20 ஜனவரி 2025

பெருமாள் துணை.

அன்பு மகளுக்கு ஆசி. நேற்று நீ போனைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாய். நான் உன் சொல்லைக் காத்தேன். உன் அம்மாதான் என் பக்கம் திரும்பி நம் பாஷையில், "மாப்பிள்ளைக்குக் கை வீக்கம் வடிஞ்சுதான்னு கேக்கவே இல்லையே நீங்க" என்றாள். பதில் போனிலிருந்து வந்தது, அதே பாஷையில். அதைத் தமிழில் எழுதுகிறேன்.

"வடிஞ்சிருச்சு பாட்டி. ஆனா அப்பா இன்னும் அதே பஸ் ஸ்டாப்லதான் நிக்கிறாரு."

யார் உனக்கு இந்தப் பாஷையைக் கற்றுக்கொடுத்தது என்றேன்.

"யாருமில்ல. நீங்க எல்லாரும் டெய்லி பேசுறீங்கள்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அம்மாகிட்ட சொல்லிராதீங்க தாத்தா. எனக்குப் புரியுதுன்னு தெரிஞ்சா ரூமுக்குள்ள போய்ப் பேசுவாங்க. அப்புறம் எனக்கு ஒண்ணுமே தெரியாமப் போயிரும்."

நான் வாக்குக் கொடுக்கவில்லை. மறுக்கவும் இல்லை. தாய் வயிற்றிலிருந்தே உபதேசம் கேட்டு வளர்ந்த பிள்ளையின் கதையைக் கோயிலில் எத்தனையோ முறை கேட்டு உருகியிருக்கிறேன். கருவுக்கு எட்டிய சொல், கூடத்தில் விளையாடும் பிள்ளைக்கு எட்டாதா? மாப்பிள்ளை படும் அவமானத்தை முழுதும் அறிந்துகொண்டு, அறியாதவனைப்போல் அவன் பள்ளிக்குப் போய்வருகிறான். அந்தச் சின்ன வயிறு எதைத்தான் செரிக்கும்?

மாப்பிள்ளை அவனை அருகில் அமர்த்தி, நம் பாஷையிலேயே நடந்ததைச் சொல்லட்டும். இனி என்ன செய்யப்போகிறோம் என்பதையும் பிள்ளை கேட்பான். பதில் சொல்வதற்காகவாவது அவர் ஏதேனும் செய்தாக வேண்டும்.

அப்பா

இங்கிலாந்து
27 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு.

உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டினேன். சனிக்கிழமை சாய்பிரசாத்தை மடியில் வைத்துக்கொண்டு எல்லாம் சொன்னார்.

"திருப்பி அடிச்சீங்களாப்பா?"

"இல்லடா."

"பயந்துட்டீங்களா?"

"ஆமா. பயந்துட்டேன்."

அவருடைய மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போலீஸ்ல சொன்னீங்களா?" என்றான். அவர் என்னைப் பார்த்தார். இன்று காலை போய் எழுதிக் கொடுத்துவிட்டார். உடன் வேலை செய்யும் ராம்கி இனித் தன் காரிலேயே அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார். டாக்டரம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன்.

இன்றும் அவனுக்கு வாந்திதான் அப்பா. ஆனால் வாயைத் துடைத்துக்கொண்டு வாசல்வரை வந்து கார் போவதைப் பார்த்தான். இப்போதெல்லாம் அவர் திரும்பும் நேரமானால் நான்தான் ஜன்னலோரமாகவே நிற்கிறேன்.

இந்து

பழங்காநத்தம்
3 பிப்ரவரி 2025

அடியார் துயர் பொறாத அழகர் காக்க.

அன்பு மகளே, என் நெஞ்சிலும் பாரம் முழுதும் இறங்கவில்லை. நேற்றுப் போனில் உன் அம்மாவிடம் நம் பாஷையில் ஏதோ முணுமுணுத்தேன்.

"தாத்தா, சத்தமாச் சொல்லுங்க" என்றான்.

தயங்கினேன். பிறகு சத்தமாகவே கேட்டேன்: "கடைக்குப் போன உன் அப்பா வந்துட்டாரா?"

"வந்துட்டாரு. பக்கத்துலதான் இருக்காரு. பால் வாங்கிட்டு வந்தாரு, எனக்கும் குடுத்தாங்க."

உங்கள் வாசலுக்கு உள்ளும் புறமும் பெருமாள் காவல் நிற்கட்டும். உங்கள் மூவர் உடம்பிலும் உறக்கத்திலும் அமைதி தங்கட்டும். இதை நீ தனியே படிக்காதே, அம்மா. உரக்கப் படி, அவனும் கேட்கட்டும்.

ஆசிகளுடன்,
அப்பா