கை ஆடினாலும் ஆடாத படம்

ஏங்க,

கேமராக் கடைக்காரர் நாலு மணிக்கு, நேத்து நாம பார்த்த ரெண்டு கேமராவையும் வீட்டுக்கே கொண்டு வர்றார். நான் வர்றதுக்குள்ள ஒண்ணைப் பார்த்து எடுத்து வைங்க. சாப்பாடு மேஜைல மூடி இருக்கு.

நேத்து கடையில, "கை ஆடினாலும் படம் ஆடாம வருமா?"ன்னு அத்தனை பேர் முன்னாடி நான் கேட்டிருக்கக் கூடாதுதான். அதுக்காக என்னை அங்கேயே விட்டுட்டு விறுவிறுன்னு நடந்துட்டா எப்படி?

வைஃபை வேணுமாம், முப்பது மடங்கு ஜூம் வேணுமாம், ஆட்டத்தைத் தடுக்கிற வசதி மட்டும் தேவையில்லையாம்! இன்சூரன்ஸுக்காக இடிபட்ட காரைக் கிட்டப் போய்ப் படம் எடுக்கிறவருக்கு அவ்வளவு ஜூம் எதுக்கு? ஜூம் கூடக் கூட ஆட்டமும் பெருசாத் தெரியும்னு கடைக்காரரே சொன்னாரே.

படம் மங்கல்னு ஆபீஸ்ல திருப்பி அனுப்பினப்போ பழைய கேமரா மேல பழியைப் போட்டீங்க. காலைல அதே கேமராவுல சர்க்கரை டப்பாவை எடுத்தேன். கடைசிப் படம் அதுதான், பாருங்க. டப்பா மேல இருக்கிற பொடி எழுத்துகூடப் பளிச்சுன்னு இருக்கு.

கோபப்படாதீங்க. வெளியே போனா சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுங்க.

பி.கு: பாதிப் படி இறங்கிட்டு மறுபடி ஏறி வந்து எழுதறேன். எந்தக் கேமரா வேணா வாங்கிக்குங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட வாங்க, போதும். நானும் கூட வர்றேன்.

இன்னொண்ணு. காப்பி ஃப்ளாஸ்க்ல இருக்கு. டம்ளர்ல பாதி மட்டும் ஊத்திக்குங்க. ஒரு மாசமா நான் பாதிதான் ஊத்தித் தர்றேன். ஏன்னு நீங்க கேக்கவே இல்ல.