நீ அனுப்பிய வண்டி

தூத்துக்குடி
12 மே 2025

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஜெஸ்மிக்கு,

என் பேரனின் ஞானஸ்நானத்தில் அவனை என் கையில் ஏந்தவிடாமல் செய்தாய். இதுதான் நீ செய்த தப்பு. போனில் சொன்னால் இடையில் பேசுவாய். அதனால் எழுதி, பாண்டியராஜின் ஜெராக்ஸ் கடையிலிருந்து உன் போனுக்கு அனுப்பச் சொல்கிறேன்.

போட்ஸ்வானாவில் கபரோன் வரைக்கும் வந்தவனை விமான நிலையத்தில் கூப்பிட நீ வரவில்லை. போனில் பிடித்த வண்டி ஒன்றை அனுப்பினாய். அந்த டிரைவர் பையன் வந்ததும் வராததுமாக, நீ எனக்கு அனுப்பிய நாலு நம்பரைச் சொல்லு என்றான். எதற்கென்று நீ ஒரு வரி எழுதினாயா? பேங்கிலிருந்து ஓயாமல் எனக்கு வரும் எச்சரிக்கை என்ன? நம்பரை எவனிடமும் சொல்லாதே. சொல்ல மாட்டேன் என்றேன். கெஞ்சினான், கோபப்பட்டான், போய்விட்டான். நீயும் போனை எடுக்கவில்லை.

ரோட்டுக்கு நடந்து வந்து, நீல நம்பர் பிளேட் போட்ட டாக்ஸியில் ஏறினேன். அங்கே டாக்ஸி என்றால் நம்மூர் ஷேர் ஆட்டோதான். முன்னால் நான், பின்னால் மூன்று பேர். தனியாகப் போக 'ஸ்பெஷல்' என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு யார் சொன்னார்கள்? மற்றவர்களை ஒவ்வொரு தெருவாக இறக்கிவிட்டுத்தான் என்னிடம் வந்தான். பின்னால் கோழியோடு இருந்த அம்மாள், "கோட்டு போட்ட பெரியவருக்கு இங்கன பிள்ளைக யாரும் இல்லியா?" என்றாள். "இருந்தா நம்மகூட ஏன் நசுங்குதாரு?" என்றான் டிரைவர். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் புரிகிற இங்கிலீஷ்தான்.

சபை கூடும் ஹாலுக்கு நான் வந்தபோது பிள்ளையின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தாய். அவனை ஏந்தி நின்றது எவனோ கணக்கு வாத்தியார்.

ஹார்பரில் ஆயுசெல்லாம் லாரி ஓட்டினவன் நான். உனக்கு பீச் ரோட்டில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தேன். அந்தக் கையால் ஒரு தடவை எனக்கு வண்டி எடுத்து வர முடியவில்லை.

மாப்பிள்ளை மெல்வினுக்குச் சுரங்கத்தில் லீவு இல்லையாம். பெற்ற பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குக்கூடவா?

உன்னைப் பெற்ற
செல்வதுரை


கபரோன்
15 மே 2025

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம்.

இங்கே இருந்தபோது ஒரு வார்த்தை பேசாதவர், ஊருக்குப் போய் இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள்.

ஹால் எங்களுக்கு ஒரு மணி நேரம்தான். பாஸ்டர் வேறு ஊரிலிருந்து வருகிறவர். உங்கள் பிளைட் லேட். கெஞ்சி நிறுத்திப் பார்த்தேன். நீங்கள் கூப்பிட்டபோது பிள்ளை அழுதுகொண்டிருந்தான், போன் பையில் கிடந்தது.

நம்பர் எதற்கென்று எழுதாதது என் தப்பு. அந்தப் பையன் என் பெயரைச் சொல்லியும் நம்பாதது உங்கள் பிடிவாதம்.

நீங்கள் நசுங்கிய டாக்ஸியில்தான் நான் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போகிறேன். அதையும் கேட்டிருக்கலாம்.

ஜெஸ்மி


தூத்துக்குடி
20 மே 2025

மகள் ஜெஸ்மிக்கு,

நீ ஏன் டாக்ஸியில் போக வேண்டும்? கார் எங்கே? உன் வீட்டு ஷெட்டில் புல் முளைத்திருக்கிறது. வண்டி ஏறி இறங்கும் இடத்தில் புல் முளைக்காது. லாரி ஓட்டினவனிடம் அதை மறைக்க முடியாது. உன் மாமனார் இன்பமணியைக் கேட்டால் முகத்தைத் திருப்புகிறார்.

மெல்வினைப் பதில் எழுதச் சொல். நீ எழுத வேண்டாம்.

செல்வதுரை


கபரோன்
23 மே 2025

அப்பா,

காரும் இல்லை, மெல்வினும் இல்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே போய்விட்டார். சுரங்கத்து ஊரில் வேறொருத்தியோடு இருக்கிறார். கார் அங்கேதான் நிற்கிறது. அவர் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

உங்களிடம் சொல்லவில்லை. நிச்சயத்துக்கு முந்தின நாள் எனக்கு இந்த இடம் வேண்டாம் என்று அழுதேன். எல்லாரும் பார்க்க நீங்கள் சொன்னீர்கள்: "ஏளா, இது நான் குடுத்த வாக்கு. இதை முறிச்சுட்டு என் வாசலை மிதிக்கக் கூடாது." முறித்தது நானில்லை. ஆனாலும் மிதிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

பிரசவ வலியில் நான் ஏறியதும் நீல நம்பர் டாக்ஸிதான். ஸ்பெஷல் என்று சொல்லத் தெம்பில்லை. உள்ளே இருந்தவர்கள் தாங்களாகவே நடுரோட்டில் இறங்கிக்கொண்டார்கள். என்னோடு வந்தவர் அந்தக் கணக்கு வாத்தியாரின் மனைவி. அந்த வாத்தியார் 'எவனோ' இல்லை.

ஜெஸ்மி


தூத்துக்குடி
2 ஜூன் 2025

ஜெஸ்மிக்கு,

நீ எனக்குச் செய்த தப்பு தப்புத்தான். இப்போது அது பெரிதாகிவிட்டது. டாக்ஸியில் இருந்த முன்பின் தெரியாதவர்களுக்குத் தெரிந்த உன் கஷ்டம், பெற்றவனுக்குத் தெரியவில்லை.

நிச்சயத்துக்கு முந்தின நாளைப் பற்றி நான் எழுத மாட்டேன். இனி ஆக வேண்டியது இது.

இன்பமணி தன் மகனிடமிருந்து காரை வாங்கி உன் ஷெட்டில் நிறுத்த வைக்க வேண்டும். நேற்று சாத்தான்குளத்துக்குப் பஸ் பிடித்துப் போய், அவர் வீட்டு வாசலில் நின்று, தெருவே கேட்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

மெல்வின் சாவியை உன் கையில் கொடுத்துவிட்டு நடந்து போக வேண்டும். நீ அவனை பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட ஏற்றக் கூடாது.

நீ எனக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். அதில் வாத்தியார் பெயரையும் அவர் மனைவி பெயரையும் எழுது. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளையோடு புறப்பட்டு வர வேண்டும்.

பாண்டியராஜ் வாகைக்குளம் ஏர்போர்ட்டுக்குக் கார் ஓட்ட வேண்டும். என் கண்ணை இப்போது நம்ப முடியாது.

நான், பிளைட் எவ்வளவு லேட்டானாலும் வெளியே நிற்க வேண்டும். பிள்ளையை நான்தான் வாங்க வேண்டும், வேறு யாரும் கை நீட்டக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் கதவைத் திறந்துவிட்டு நான் தெருவிலேயே நிற்க வேண்டும்.

வாசலை முதலில் மிதிக்க வேண்டியது நீ.

செல்வதுரை