ஆறு பேருக்கு ஒரு கம்பளம்

சால்த்தோ, உருகுவே
4 அக்டோபர் 2006

என் செல்ல மகள் கிரிசெலுக்கு,

ஜனவரியில் ஐந்து பேரும் வருகிறீர்கள் என்ற உன் கடிதம் கிடைத்தது. அன்றைக்கே கடைவீதிக்குக் கிளம்பிவிட்டேன். கூடத்துக்கு ஒரு கம்பளம் வேண்டும், துவைக்கிற மாதிரி. கடைப் பெண் "வீட்டுல எத்தனை பேரு?" என்று கேட்டாள். "ஆறு பேரு கண்ணு, அதுல மூணு வாலு" என்றேன். உன் அம்மா போனதிலிருந்து நான்கு வருஷமாக "நான் ஒருத்தன்தான்" என்று சொல்லிச் சொல்லி வாய் மரத்துப்போயிருந்தது. ஆறு என்று சொல்ல எத்தனை சுகமாக இருந்தது தெரியுமா?

"அப்ப வெள்ளை பக்கமே போகாதீங்க. பருத்தியில எடுங்க. ரொம்ப கனம் வேணாம், நனைஞ்சா தூக்க முடியாது" என்றாள். கெட்டிக்காரி.

பிள்ளைகள் எதைக் கொட்டுவார்கள்? கோக்கோவா, தக்காளிச் சாறா? எழுது. அதற்கேற்ற நிறமாக எடுக்கிறேன்.

உன் அப்பா,
எபேர்


வலென்சியா, ஸ்பெயின்
25 அக்டோபர் 2006

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் சுகம். கோக்கோ, தக்காளி இரண்டையும் கொட்டுவார்கள். ஆனால் நீங்கள் எதுவும் வாங்க வேண்டாம். நாங்கள் அதே ஊரில் என் மாமியார் வீட்டில் தங்கிக்கொள்கிறோம். ஒரு ஞாயிறு மதியம் உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறோம்.

கோபப்படாதீர்கள் அப்பா. மெழுகு போட்ட அந்த மரத்தரை இன்னும் என் கனவில் வருகிறது. தரையில் கால் தடம் படக் கூடாது என்று நீங்கள் சொன்னபடி காலடியில் இரண்டு துணித் துண்டுகளை வைத்து, வாசலிலிருந்து சமையலறை வரை சறுக்கிக்கொண்டே போவோமே. எனக்கு ஒன்பது வயதில், மழையில் நனைந்து ஓடி வந்தேன். ஈரம் காயும்வரை வாசற்படியிலேயே நிற்க வைத்தீர்கள். அந்த வாரம் முழுக்கக் காய்ச்சல். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ.

கிரிசெல்


சால்த்தோ
20 நவம்பர் 2006

மகளே,

ஞாபகம் இருக்கிறது. உன்னை நிற்க வைத்தது தப்பு. அன்றைக்கே தெரியும், சொல்லத்தான் வாய் வரவில்லை. உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கம்பளம் வாங்கிவிட்டேன். செங்கல் நிறம். மாத்தே தேநீர் கொஞ்சம், கோக்கோ கொஞ்சம், தக்காளிச் சாறு கொஞ்சம் என்று நானே கொட்டிப் பார்த்தேன். தொட்டியில் போட்டு மிதித்துத் துவைத்து மாடிக் கம்பியில் காயப்போட்டேன். எல்லாம் போய்விட்டது. பக்கத்து வீட்டு எலிதா எட்டிப் பார்த்து, "என்ன எபேர், இந்த வயசுல கைக்குழந்தையா?" என்று கேலி செய்தாள்.

அந்தத் துணித் துண்டுகளை இறைச்சி சுடும் அடுப்பில் போட்டுக் கொளுத்தினேன். நாற்றத்தில் இறைச்சியும் பாழ். போகட்டும். இரண்டே நாள் என்னோடு தங்குங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்பா


வலென்சியா
12 டிசம்பர் 2006

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஜனவரி 14, ஞாயிறு. ஒரு மணிக்கு வந்துவிடுகிறோம். அதிகம் சமைக்காதீர்கள்.

கிரிசெல்


சால்த்தோ
29 ஜனவரி 2007

என் கிரிசெல்,

இதற்குள் வலென்சியா போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

அன்று வந்ததும் மூன்று பிள்ளைகளும் வாசலிலேயே செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். நான் கழற்றச் சொல்லவே இல்லை. "ஓடுங்கடா, உருளுங்கடா!" என்றேன். அவர்கள் உன் முகத்தைப் பார்த்தார்கள். சாப்பிடும்போது ஒரு பருக்கைகூடக் கீழே விழவில்லை. இவ்வளவு அடக்கமான பிள்ளைகளை நான் பார்த்ததே இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஒயின் கிளாஸ் என் கை தவறிச் சாயவில்லை. நானே தட்டிவிட்டேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், "தாத்தாவே கொட்டிட்டாரு" என்று கத்துவார்கள், பிறகு பயம் விட்டுப்போகும் என்று கணக்குப் போட்டேன்.

நீ பதறி மண்டி போட்டுத் துடைத்தாய். "பரவால்லப்பா, போயிடும்ப்பா, நான் பாத்துக்கறேன்ப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். நாற்பது வயதுப் பெண் நீ. உன் பக்கத்தில் ஐத்தானாவும் உட்கார்ந்து பாவாடை நுனியால் துடைத்தாள். அந்த ஆறு வயதுக் குழந்தையை நான் ஒருநாளும் அதட்டியதில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்தது?

வேண்டுமென்றே செய்தேன் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். அப்போதும் வாய் வரவில்லை. நாலு மணிக்குக் கிளம்பிவிட்டீர்கள்.

கறை கம்பளத்தின் நடுவில் அப்படியே இருக்கிறது. துவைத்தால் போய்விடும், ஆனால் துவைக்க மாட்டேன். தாத்தா வீட்டில் ஏற்கெனவே ஒரு கறை இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல். அடுத்த முறை எப்போது என்று கேட்க எனக்கு முகமில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

அப்பா


சால்த்தோ
3 ஜூன் 2007

என் கிரிசெல்,

ஜனவரியில் எழுதியது உனக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அதனால் அதையே திரும்ப எழுதுகிறேன்.