சும்மா இருக்கும் கை

இன்வர்டோரி,
ஃபைஃப், ஸ்காட்லாந்து.
மார்ச் 3, செவ்வாய் பகல்.

அன்பு மகள் மோர்வெனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் அந்த நியூசிலாந்துக் கோடியில் தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று அடுத்த வரியில் எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அந்த இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. பயப்படாதே என்று எழுதலாம் என்றால் நானே பயந்துபோய்த்தான் உட்கார்ந்திருக்கிறேன். உன் அப்பாவின் வலது கை சரியில்லை மோர்வென். போனில் சொல்ல வழியில்லை, பக்கத்திலேயே வந்து நிற்பார். மின்னஞ்சலும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், எனக்கு முன்னால் அவர் படித்துவிடுவார். அதனால்தான் தபால். இப்போது தன் கோல்ஃப் கூட்டாளி ஆர்ச்சியோடு துறைமுகம் வரை நடக்கப் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன், எனக்கும் கொஞ்சம் தைரியம் வரும். சமையலறைப் புகைபோக்கியை ஒருவழியாகச் சுத்தம் செய்தாயிற்று, இனி வீடு முழுக்கப் புகை வராது. உனக்குப் பின்னிய நீலக் கம்பளிச் சட்டை போன வாரமே கிளம்பிவிட்டது, கை கொஞ்சம் நீளம், மடித்துப் போட்டுக்கொள். உன் அத்தையின் முழங்கால் தேவலாம், வாய் எப்போதும் போலத்தான். அவ்வளவுதான் நல்ல சேதி. மீதி எல்லாம் நீ கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய, டிவியில் மாட்டி ரிமோட்டை மட்டை போல வீசி ஆடுகிற அந்த கோல்ஃப் விளையாட்டுப் பெட்டியில் இருந்து தொடங்குகிறது.

அது வந்த அன்று உன் அப்பா சிரித்த சிரிப்பு உனக்குத் தெரியாது. "நாப்பது வருஷமா கடல் காத்துல நின்னு ஆடுறவனுக்கு, வீட்டுக்குள்ள நின்னு ஆட பொம்மை விளையாட்டா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியைக்கூடத் தொடவில்லை. இரண்டு நாள் கழித்து நான் சமையலறையில் இருக்கும்போது டக் என்று ஒரு சத்தம், எட்டிப் பார்த்தால் மனிதர் கம்பளத்தின் மேல் கோல்ஃப் ஷூ போட்டுக்கொண்டு நிற்கிறார்! அடியில் ஆணி வைத்த ஷூ! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவருக்குக் காதிலேயே விழவில்லை. "ஈஷ்பெல், இங்க வா, இதைப் பிடிச்சுப் பாரு, பந்துல பட்டதும் உள்ளங்கையில ஒரு அதிர்வு வருது பாரு, நம்ம பழைய இரும்பு மட்டை மாதிரியே இருக்கு" என்கிறார். மணலில் விழுந்த பந்தை அடித்தால் மொத்தென்று கை கனக்கிறதாம், ஈரப் புல்லில் பந்து சோம்பலாக ஓடுகிறதாம். பெட்டிக்குள் காற்று வீசுகிற சத்தம் கேட்டதும் விரலை நக்கித் தலைக்கு மேலே தூக்கிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார், சன்னல் எல்லாம் சாத்தியிருக்கிற அறையில்! அவர் அடிக்கிற பந்து எப்போதும் இடது பக்கம் வளைந்து போகும் அல்லவா, இதிலும் அச்சாக அப்படியே வளைந்தது. "இருபது வருஷமா ஆர்ச்சி கத்தியும் எனக்கு உறைக்கல, இந்தப் பெட்டி அஞ்சே நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுச்சு" என்று பெருமையாகச் சொன்னார். ஆர்ச்சி வந்து ஆடி விளக்குக் கூட்டை ஓர் அடியில் உடைத்தான், அதை உனக்கு முன்பே சொன்னேன். சனிக்கிழமை மாலை எங்களுக்கும் ஞாயிறு காலை உனக்கும் என்று நீ அங்கிருந்து சேர்ந்து ஆட ஆரம்பித்ததும் வீடே களை கட்டியது. ஆட்டம் முடிந்ததும் தொப்பியைக் கழற்றித் திரையைப் பார்த்துத் திடலில் எதிராளிக்குக் கை கொடுப்பது போலக் கையை நீட்டுவார், போனில் குரல் மட்டும் கேட்கிற உனக்கு அது தெரியாது, அப்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பேன்.

இனிமேல்தான் விஷயம். போன இலையுதிர் காலத்திலேயே திடலில் குழிக்குப் பக்கத்தில் பந்தை மெதுவாகத் தட்டும்போது அவர் கை வெடுக்கென்று துள்ளியதை உனக்கு எழுதினேன், ஞாபகம் இருக்கும். கோல்ஃப்காரர்களுக்கு அதற்கு யிப்ஸ் என்று ஒரு பேர் இருக்கிறது, யாருக்கு வேண்டுமானாலும் வருமாம், மனப் பதற்றமாம். பேர் கிடைத்ததும் ஊரே வைத்தியம் சொல்லக் கிளம்பிவிட்டது. ஆர்ச்சி அப்பாவிடம் "டேய் டூகல், இடது கையைக் கீழ போட்டுப் பிடிடா" என்றான், கறிக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தட்டச் சொன்னார், பாதிரியார்கூட ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நிறுத்தி, பந்தைப் பார்க்காமல் குழியைப் பார்க்கச் சொன்னார். நீண்ட மட்டை, குட்டை மட்டை, தடித்த பிடி, எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. இத்தனை பேரும் மட்டைக்குத்தான் வைத்தியம் சொன்னார்கள், மனிதனை யாரும் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

ஜனவரியில் நான் சோபாவில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தேன். நீ ஆடுகிற முறை, அப்பா ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முறை வரும்வரை திரையின் ஓரத்தில் ஒரு சின்ன அம்புக்குறி நிற்கும், ரிமோட் அசைந்தால் அதுவும் அசையும், உனக்கும் அங்கே தெரியும். அந்த அம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. அவர் முறை வந்து எழுந்து கையை ஓங்கினதும் அடங்கிவிட்டது, உட்கார்ந்ததும் மறுபடி ஆரம்பித்தது. பேட்டரி என்று நினைத்தேன், மாற்றினேன். ரிமோட் பழுது என்று நினைத்து மறுநாள் அவர் இல்லாதபோது என் மடியில் வைத்துப் பார்த்தேன். அம்பு ஆணி அடித்தது போல நின்றது. யிப்ஸ் என்றால் தட்டும்போது அல்லவா வர வேண்டும், இவருக்கு ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போது கை ஆடுகிறதே. வெளியே என்றால் காற்று, குளிர், தேய்ந்த புல் என்று எதன் மேலாவது பழி போடலாம், வீட்டுக்குள் எதன் மேல் போடுவது? நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். சும்மா இருக்கையில் ஆடி வேலை செய்கையில் அடங்குகிற நடுக்கத்துக்குப் பார்க்கின்சன் என்று போட்டிருந்தது. டாக்டர் சொல்லாமல் நானாக முடிவு கட்டக்கூடாது என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்தேன். வந்தவள் வாயையும் மூடிக்கொண்டேன், அதுதான் தப்பு.

ஏன் தப்பு என்றால், உன் அப்பா பள்ளி வேன் ஓட்டுகிறார். பதினான்கு பிள்ளைகள். அந்தக் கடலோர ரோடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் நெஞ்சளவு சுவர், அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர். ஜனவரியில் தெரிந்தவள் பிப்ரவரி முழுக்க அவரைக் கஞ்சி குடிக்கவைத்து வேலைக்கு அனுப்பினேன். அந்தப் பிள்ளைகளின் தாய்மாரைக் கடையில் பார்த்தால் சிரித்துப் பேசினேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் கூசுகிறது.

உனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும், படித்துவிட்டுக் கோபப்படு, பரவாயில்லை. ஜனவரிக் கடைசியில் நீ விளையாட்டாக, "அப்பா, அந்த அம்பைச் சும்மா வெச்சிருங்களேன், எனக்குக் கண்ணு சுத்துது" என்றாய். நீ தெரியாமல் சொன்னது. அவர் சிரித்துச் சமாளித்துவிட்டார், முகம் வெளுத்துப் போனது எனக்குத்தான் தெரியும். அடுத்த சனிக்கிழமை நீ கூப்பிடுவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் ரிமோட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "தோள்பட்டை வலிக்குது ஈஷ்பெல், நீ ஆடு, நான் பேசுறேன்" என்றார். நானும் ஏன் என்று கேட்கவில்லை. பிப்ரவரி மாதத்து நான்கு சனிக்கிழமையும் உன்னோடு பேசியது அவர், ஆடியது நான். வாழ்நாளில் ஒரு கோல்ஃப் மட்டையைத் தொடாதவள், அவர் வேனை எடுத்துக்கொண்டு போனதும் கதவைச் சாத்திவிட்டுப் பழகினேன். முதல் வாரம் தோற்றேன், அடுத்த மூன்று வாரமும் உன்னை ஜெயித்தேன். போன சனிக்கிழமை கடைசிக் குழியில் பந்து விழுந்ததும் நீ அழுதுகொண்டே, "அப்பா, உங்க யிப்ஸ் போயே போச்சு!" என்று கத்தினாயே, அப்போது அவர் "ஆமாம் கண்ணு" என்றார். போனை வைத்துவிட்டுத் தோட்டத்துக் கொட்டகைக்குள் போனவர் ரொம்ப நேரம் வரவில்லை. எனக்கு அன்று வந்த பயம் கை ஆடுகிறதே என்பதற்காக இல்லை, இரண்டு பேரும் சேர்ந்து மறைப்பது இவ்வளவு சுலபமாக இருக்கிறதே என்பதற்காக.

அதற்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, டவுனில் சாமான் வாங்க வேண்டும் என்று நானும் வேனில் ஏறியிருந்தேன். மழை. பிள்ளைகள் ஏறும்வரை காத்திருக்கும்போது கதவுப் பக்கம் அவர் வலது கை தொங்கிக்கொண்டிருந்தது, விரல்கள் மாவு உருட்டுவது போலத் தானாக உருட்டிக்கொண்டிருந்தன. பிறகு அந்தப் பெரிய வளைவில் வேன் சுவர்ப் பக்கம் ஒதுங்கியது, பக்கக் கண்ணாடி சுவரில் பட்டுத் தெறித்துப் போனது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்த பிடியில் நகம் உடைந்துவிட்டது. "பூனை குறுக்க வந்துச்சு" என்றார். எந்தப் பூனையும் வரவில்லை மோர்வென், நான் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் சனிக்கிழமை உன்னோடு ஆடி ஜெயித்தேனே, என்னை என்ன சொல்ல. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும், சாப்பாட்டுக்கு முன்னால், பெட்டியைப் போட்டேன். ரிமோட்டை அவர் மடியில் வைத்தேன். "அடிக்க வேண்டாம், எழுந்திரிக்க வேண்டாம், சும்மா வெச்சுக்கிட்டுத் திரையைப் பாருங்க" என்றேன். அம்பு நடுங்கியது. "யிப்ஸ்தான்" என்றார். "பந்து எங்க இருக்கு? குழி எங்க இருக்கு? ஒண்ணுமே இல்லாத இடத்துல எதுக்குங்க யிப்ஸ்?" என்று கேட்டேன். இடது கையால் வலது கையைப் பிடித்துப் பார்த்தார், அம்பு நின்றது, விட்டார், மறுபடி ஆடியது. நான்கைந்து தடவை அப்படியே செய்து பார்த்தார், வேறு யாருடைய கையோ என்பது போல. அப்புறம் மெதுவாக, "ஆர்ச்சிகிட்ட சொல்லாத" என்றார். நான் உள்ளே போய் அடுப்பைப் பார்ப்பது போல நின்று அழுதேன்.

நேற்றுக் காலை அவராகவே பள்ளிக்கு போன் செய்து, உடம்பு சரியில்லை, வேறு ஆளைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டார். பதினேழாம் தேதி பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறோம். கண்ணாடி உடைந்ததையும் கையைப் பற்றியும் நான் பள்ளியில் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், அவருக்கு இன்னும் தெரியாது. நான் செய்தது சரி என்று நீயாவது சொல். வேன் சாவி என் தையல் பெட்டியில் இருக்கிறது, அவருக்கு அந்த இடம் தெரியும். காலையில் போன் அடித்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது, புது ஆள் வரவில்லை, ஒரு நாள் மட்டும் வாருங்கள் என்று யாராவது கெஞ்சினால் உன் அப்பா மறுக்கிற மனிதர் இல்லை. இன்று காலைகூடக் கையை ஜேப்பில் விட்டுக்கொண்டு, "இப்ப பரவாயில்ல, ரெண்டு நாளா ஆடவே இல்ல" என்கிறார். ஜேப்புத் துணி ஆடியது.

வருகிற சனிக்கிழமை பெட்டி பழுது என்று உன்னிடம் சொல்வோம், அது பொய், மன்னித்துவிடு. அதற்கு அடுத்த வாரம் தானே ஆடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார், அதற்குள் இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்துவிட வேண்டும். அன்றைக்கு ஒன்றும் தெரியாதவள் போல இரு. கிண்டல் செய்யாதே, பாவம் பார்த்து வேண்டுமென்றே தோற்கவும் செய்யாதே, அதை உடனே கண்டுபிடித்துவிடுவார். உன் முறை வந்தால் நன்றாக அடி, அவர் முறை வந்தால் தட்டும்வரை பொறுமையாகக் காத்திரு, எவ்வளவு நேரம் ஆனாலும். நேரத்துக்குச் சாப்பிடு, கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள், மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம், கடவுள் உங்கள் இரண்டு பேரையும் கைவிட மாட்டார். வாசலில் ஆர்ச்சியின் குரல் கேட்கிறது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்தச் சனிக்கிழமை திரையில் அம்பு நடுங்கினால் அது அப்பா, நிம்மதியாக ஆடு. நடுங்காமல் நின்றால் அது நான், அப்போது பயப்படு, ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு உடனே புறப்பட்டு வா.

உன்னை மூன்று முறை ஜெயித்த அம்மா,
ஈஷ்பெல்