மொத்தத்தில் சேராத புகை

டாக்குரியா, கல்கத்தா
7 ஜூன் 2025

சௌபாக்கியவதி வித்யாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளை ஷ்யாமும் சௌக்கியம் என்று போனில் சொன்னதை நான் நம்பவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. எதிர் ஃபிளாட் லதாவின் பிள்ளை மகேஷ் லீவு முடிந்து கனடாவுக்கு, உங்கள் வின்னிபெக்குக்கே திரும்புகிறான், அவனிடம் இதோடு நார்த்தங்காய் ஊறுகாயும் தருகிறேன். கொஞ்சமாகத் தொட்டுக்கொள், ஆறாம் மாதத்தில் உப்பு கூடினால் கால் வீங்கும். அப்பாவுக்கு சுகர் இறங்கியிருக்கிறது, அந்த சந்தோஷத்தைச் சந்தேஷ் ஸ்வீட் சாப்பிட்டுக் கொண்டாடுகிறார், என்ன சொல்ல.

போன வாரம் உன் ஆபீஸ் வேலை எங்களுக்கும் தெரியட்டும் என்று ஒரு கிராஃப் அனுப்பினாயே, கனடாவில் காடு எரிந்து வருஷா வருஷம் எவ்வளவு கார்பன் காற்றில் கலக்கிறது என்று குச்சி குச்சியாக, அதில் 2023-க்கான குச்சி பக்கத்தின் தலைவரைக்கும் போயிருந்தது. நான் அதைப் படத்தின் ஓரக்கோடு என்றே நினைத்தேன். அப்பாதான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "இல்ல பாகீரதி, அதுவும் ஒரு வருஷந்தான்" என்றார். ஒரு சைபர் கூடப் போட்டுவிட்டாய், மேலே இருப்பவர் பார்ப்பதற்குள் திருத்து என்று உடனே உனக்கு மெசேஜ் போட்டேன். சைபரெல்லாம் சரிதாம்மா என்று நீ சிரிக்கிறாய். சீனா, அமெரிக்கா, நம் இந்தியா, இந்த மூன்றைத் தவிர வேறு எந்த நாடும் கரியும் எண்ணெயும் எரித்து ஒரு வருஷத்தில் அவ்வளவு விடுவதில்லை என்றாய். அதற்கு மேல் நீ சொன்னதுதான் தூக்கிவாரிப் போட்டது. காட்டுத்தீயை இயற்கை என்று தனியாக ஓரத்தில் காட்டுவார்களாம், நாட்டின் மொத்தத்தில் சேர்க்க மாட்டார்களாம். நான் இன்ஷூரன்ஸில் ஃபயர் க்ளெய்ம் பார்த்தே ரிட்டயர் ஆனவள். ஸ்ட்ராண்ட் ரோடு சணல் குடோன்களில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாம்பலில் நடந்திருக்கிறேன். இடி விழுந்து எரிந்தாலும், எவனாவது பீடி போட்டு எரிந்தாலும் எரிந்தது எரிந்ததுதான். பணம் கொடுப்போம், கொடுக்க மாட்டோம், அது வேறு பேச்சு. பனிக்கு அடியிலும் தீ உயிரோடு கிடந்து வசந்தத்தில் எழுந்து வரும் என்றாயே, அது ஒன்றுதான் எனக்கு ஆச்சரியமில்லை, சணல் பேல் கட்டுக்குள்ளும் அப்படித்தான் கிடக்கும்.

தலைப்பிரசவத்துக்கு இங்கே வா என்று கூப்பிட்டபோது, "கல்கத்தா காத்துலயா குழந்தைய மூச்சு விடச் சொல்றே" என்று கேட்டாய். டிசம்பரில் ஜாதவ்பூர் பக்கம் காலையில் போனால் எனக்கே தொண்டை கரகரக்கிறது. சரி, நானே வருகிறேன் என்று விசாவுக்கும் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பார்த்தால் காட்டுத்தீப் புகை உள்ளே வராமலிருக்கக் கதவிடுக்கில் ஈரத் துண்டு, பட்டப்பகலில் விளக்கு, நீ வீட்டுக்குள்ளேயே மாஸ்க்கை இறக்கிவிட்டுக்கொண்டு, "இன்னிக்குப் பரவாயில்லம்மா, எதிர் பில்டிங் தெரியறது" என்கிறாய். எதிர்க் கட்டடம் தெரிவதா உனக்கு நல்ல நாள்? வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இதையும் பழகிக்கொண்டாயே என்றுதான் எனக்கு அதிர்ச்சி. அன்று ராத்திரியே கீழ் வீட்டு வங்காளிப் பெரியம்மா மாஷிமாவிடம் சொன்னேன். அவர்கள் சின்ன வயதில் நெஞ்சு சரியில்லாதவர்களை மதுபூர், கிரிடி என்று ஹாவா பதலுக்கு, அதாவது காற்று மாற்றத்துக்கு, அனுப்புவார்களாம். இனிமேல் கனடாவிலிருந்து ஹாவா பதலுக்குக் கல்கத்தா வரவேண்டியதுதான் என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் அது சரியென்று பட்டது. மழை இறங்கிவிட்டால் செப்டம்பர் வரை இங்கே காற்று கழுவிவிட்டதுபோல்தான் இருக்கும். குழந்தை பிறந்து, நவம்பரில் இங்கே புகை கட்டுவதற்குள் நீ திரும்பிவிடலாம், அங்கேயும் பனி விழுந்து தீ அடங்கியிருக்கும். ஒரு குழந்தையை மூச்சு விட வைக்க இரண்டு ஊரைப் புரட்ட வேண்டியிருக்கிறது, என்ன காலமோ.

வித்யா, எனக்குப் பயமாக இருக்கிறது. வீம்புக்காகக் கூப்பிடவில்லை. டாக்டரிடம் விமானம் ஏறலாமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள், ஏழாம் மாதம் தாண்டினால் ஏற்ற மாட்டார்கள். மாப்பிள்ளையிடம் நானே பேசுகிறேன், லீவு கிடைக்காவிட்டால் அவர் பின்னால் வரட்டும். அதுவரை ஜன்னலைத் திறக்காதே, கண் எரிந்தால் கசக்காதே. பதிலுக்கு இன்னொரு கிராஃப் அனுப்பாதே, வரும் தேதியை மட்டும் அனுப்பு. பகவான் உன்னையும் வயிற்றில் இருப்பதையும் காப்பாற்றட்டும், தீர்க்காயுசாக இரு. உத்தியோகம் பார்த்த நாள் முழுக்க எல்லாம் எரிந்து முடிந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். உன்னிடம் அப்படி வந்து நிற்க என்னால் முடியாதடி. கிளம்பி வா.

உன் அம்மா,
பாகீரதி ஜெய்ராம்