கண்ணோரத்து வெள்ளைப் புள்ளி

என் கோபக்காரிக்கு,

நாளை ஆபரேஷனுக்கு முன் இதைப் படித்துவிடு. நேரில் சொல்ல வாய் வரவில்லை.

உன் கருவிழி ஓரத்துக் கட்டி எப்போது வந்தது என்று பார்க்க டாக்டர் பழைய போட்டோக்கள் கேட்டார். நான் எடுத்த படங்களை நீ பெருமையாக நீட்டினாய்.

"போன மாசப் படத்துலகூட கண்ணு சுத்தமா இருக்கே. அப்போ ரொம்ப வேகமா வளருது" என்றார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து நீ சரியாகச் சாப்பிடவில்லை. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

ஸ்டுடியோவில் யார் படமானாலும் பரு, தழும்பு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துடைத்துவிட்டுத்தான் பிரிண்ட் போடுவேன். கை அப்படிப் பழகிவிட்டது. உன் கண்ணிலிருந்த வெள்ளைப் புள்ளியை ஃப்ளாஷ் வெளிச்சம் என்று நினைத்து ஒவ்வொரு படத்திலும் துடைத்திருக்கிறேன்.

இன்று துடைக்காத படங்களைத் தேடி எடுத்து டாக்டரிடம் காட்டினேன். நம் மகள் உன் இடுப்பில் இருக்கும் படத்திலேயே அந்தப் புள்ளி இருக்கிறது. அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

"மெதுவாத்தான் வளந்திருக்கு. சுத்தி இருக்கிற சதையையும் கொஞ்சம் சேத்து வெட்டி எடுத்துடுவோம். முன்னாடியே வந்திருந்தா சின்ன வெட்டோட போயிருக்கும்" என்றார்.

கட்டுப் பிரித்ததும் உன்னைப் படம் எடுப்பேன். கண் சிவந்து வீங்கியிருக்கும். எதையும் துடைக்க மாட்டேன், நீ என்னை முறைப்பதையும்.

உன் வீட்டுக்காரன்