கயலின் வாய்மொழித் தேர்வில் நான் கேட்ட கேள்வி

அடேய் தவமணி, என் செல்லத் தம்பி,

போன இடத்தில் உனக்குப் பேச்சுத்துணை கிடைத்ததா? கிடைத்திருந்தால் அந்த ஆளை நினைத்துத்தான் எனக்குக் கவலை. எட்டாம் வகுப்போடு நின்றுபோன அண்ணன் எழுதுகிறேன். சயின்ஸ் வாத்தியார் என்பதற்காகச் சிவப்பு மையை எடுத்துத் திருத்த ஆரம்பிக்காதே.

உன் மகள் கயல் டாக்டர் ஆகிவிட்டாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்துப் படித்து ஆகிற டாக்டர். போன வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு. அழைப்பில் ‘அனைவரும் வருக’ என்று போட்டிருந்தார்கள். நான் நம்பிவிட்டேன். உசிலம்பட்டியிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள், ரோஜா மாலை, இரண்டு கூடை சேவும் சீரணி மிட்டாயும். காலேஜ் வாசலில் நின்ற பிள்ளைக்கு முகமே வெளுத்துவிட்டது.

“பெரியப்பா, இதென்ன காதுகுத்தா? எதுக்கு இம்புட்டுப் பேரு?”

“வரச் சொல்லிட்டு வந்தா வையிறியே! மாலைய இப்பப் போடவா, பாஸானப்பறம் போடவா?”

“உள்ள வந்து பேசாம உக்காருங்க. அது போதும்.”

ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. ஜெர்மனியில் அவளுக்கு ஆராய்ச்சி வேலை கிடைத்திருந்தது. “நீங்க சரின்னு சொன்னாத்தான் போவேன்” என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். குளிர் என்றேன், சோறு கிடைக்காது என்றேன். அந்த வாரத்துக்குள் அவள் பதில் எழுதியாக வேண்டும். உண்மையை உன்னிடம்தான் சொல்ல முடியும். அவள் சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழுமே, அது உன் சிரிப்பு. இருக்கிறதே அது ஒன்றுதான். அதையும் அம்புட்டுத் தூரம் அனுப்பிவிட்டு நான் எதைப் பார்ப்பது?

தேர்வு முழுக்க இங்கிலீஷ். எங்கள் முகங்களைப் பார்த்துப் பாவப்பட்டு, அனுமதி வாங்கி, கொஞ்ச நேரம் தமிழில் சொன்னாள். பாக்டீரியாவுக்குள் புகுந்து அதையே தின்று தீர்க்கிற வைரஸ் இருக்கிறதாம். உன் கால் புண்ணில் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி உன்னைக் கொண்டுபோனதைப் பார்த்த பிறகுதானே அவள் இந்தப் படிப்பில் இறங்கினாள்?

அந்த வைரஸ் தன் டி.என்.ஏ. நூலை உள்ளே இறக்கிவிடுகிறது. நூல் இரட்டை முறுக்கு. பிரித்தால்தான் நகல் எடுக்க முடியும். பிரிக்கிற மெஷின் வைரஸிடம் கிடையாது, பாக்டீரியாவிடம்தான் இருக்கிறது. ஆகவே வைரஸின் ஆள் ஒருவன், அவள் பாஷையில் ஒரு புரதம், நூலில் குறித்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறான். இன்னொருவன் பாக்டீரியாவின் மெஷினைப் பிடித்து அங்கே இழுத்து வருகிறான். வந்தும் மெஷின் ஓடாது. கொண்டுவந்தவன் இறுக்கிப் பிடித்திருக்கிறான். பாக்டீரியாவின் வேலையாட்களே வந்து அவனைப் பிய்த்தெடுத்த பிறகுதான் ஓடுகிறது.

எனக்கு வாடிவாசல்தான் கண்ணில் வந்தது. காளையைக் கயிற்றில் பிடித்து அதுவரைக்கும் கொண்டுபோகலாம். கயிறு போனால்தானே அது பாயும்? இங்கே கூத்து என்னவென்றால், காளையே களவாண்ட காளை. கயிற்றை அறுத்துவிடுகிறவனும் பறிகொடுத்த வீட்டு ஆள்!

கடைசியில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், “யாருக்காவது கேள்வி இருந்தா கேக்கலாம்” என்றார். எழுந்துவிட்டேன். பின்னாலிருந்து யாரோ வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள். கயல் கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஏத்தா, கொண்டாந்தவன் பிடிய விடலேன்னா என்னாகும்?”

ஹாலே சிரித்தது. தேர்வாளர் சிரிக்கவில்லை. “நல்ல கேள்வி. பதில் சொல்லும்மா” என்றார்.

“அத வச்சுத்தான் மூணு வருசம் வேலை பாத்தேன், பெரியப்பா. பிய்ச்செடுக்கிற ஆளுக சரியில்லாத பாக்டீரியா சிலது இருக்கு. அதுக்குள்ள எல்லாம் வந்து சேந்திரும், இடமும் சரியா இருக்கும். ஆனா நூல் பிரியாது. ஒண்ணுமே ஆரம்பிக்காது.”

“அப்ப அவன் கெட்டவனா?”

“இல்ல பெரியப்பா. அவன் இல்லேன்னா மெஷினு அங்க வந்தே சேராது. அவனுக்கு விடத்தான் தெரியாது.”

உட்கார்ந்துவிட்டேன். மாலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

தேர்வாளர் கை கொடுத்து “டாக்டர்” என்று அவளை அழைத்ததும் மாலையைப் போட்டேன். காதோரம் சொன்னேன்: “ஜெர்மனிக்காரனுக்கு எழுதிப் போடு, வாரேன்னு.”

“நெசமாவா? நான் போனா நீங்க அழுவீங்க.”

“நான் எதுக்கு அழுகுறேன்? டீவி ரிமோட்டு என் கைக்கு வந்துரும்ல.”

அவள்தான் அழுதாள். என் சட்டைத் தோள் நனைந்துபோனது.

ஐப்பசியில் கிளம்புகிறாள். விமான நிலையம்வரை போவேன், பெட்டியைத் தூக்கிக் கொடுப்பேன். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்வேன். உள்ளே போய் அவள் திரும்பிப் பார்க்கும்போது சிரித்துக்கொண்டிருப்பேன். இது உன்மேல் சத்தியம். அவள் கண்ணுக்கு மறைந்த பிறகு என்ன செய்வேன் என்பதை மட்டும் நீ பார்க்காதே.

உனக்கு முந்திப் பிறந்து, உனக்குப் பிந்தியும் நிற்கிற அண்ணன்,
ஒச்சப்பன்